காகம் தொடாத சோறு

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கிளி கட்டில் கம்பியை இறக்கியது.

இறக்கியது என்றால், அந்தச் சத்தத்தைத் தன் தொண்டையிலிருந்து எடுத்து வீட்டுக்குள் போட்டது. முதலில் பிளாஸ்டிக் கோப்பையை இரும்பில் தட்டும் டொக், டொக், டொக். அது புதிதல்ல. கமலநாதனின் அப்பா தம்புசாமி கடைசி ஒன்றரை வருஷமும் படுக்கையிலிருந்து அப்படித் தட்டித்தான் ஆளைக் கூப்பிட்டார். மைக்ரோவேவ் மணியையும், வாசல் ஆட்டோகேட்டின் முனகலையும், எதிர்வீட்டு மோட்டார் சைக்கிளையும் பிடித்து வைத்திருந்த கிளி அதையும் எப்போதோ பிடித்து வைத்திருந்தது. சமையலறையில் அதற்காகப் பப்பாளி அரிந்துகொண்டிருந்த கமலநாதன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தட்டல் நின்றது. அதன் பிறகு, இதுவரை கிளியிடம் அவன் கேட்டிராத ஒன்று வந்தது. கொக்கி விடுபடும் சின்னச் சொடுக்கு, பாரமான ஒரு மூச்சு, கட்டிலின் பக்கத் தடுப்பு தானாகச் சரிந்து இரும்புக் காலில் மோதும் கணீர்.

கத்தி பப்பாளிக்குள் பாதியில் நின்றது.

அந்தத் தடுப்பை அவனோ மகள் ஷாமினியோ இறக்கும்போது கையால் தாங்கி மெதுவாகத்தான் இறக்குவார்கள். அது தானாக விழுந்து மோதியது ஒரே ஒரு நாள். அன்று அப்பாவே அந்த நடுங்கும் கையால் எப்படியோ கொக்கியை நீக்கியிருந்தார். அன்று சாயங்காலம் இந்தக் கிளி வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில், கறுப்புத் துணி போர்த்திய கூண்டுக்குள் இருந்தது. நடுவில் இரண்டு சுவர், சாத்திய இரண்டு கதவு.

பறவைக்குக் காது கூர்மை, கேட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தட்டோடு ஹாலுக்குப் போனான். சாம்பல் நிறக் கிளி, சிவப்பு வால். வெளிறிய மஞ்சள் கண்ணின் பாவை கடுகாகச் சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்கியது. நீட்டிய துண்டை ஒரு காலால் வாங்கி மரியாதையாகச் சாப்பிட்டது.

அந்தக் கிளியை அவன் போகிற போக்கில் வாங்கிவிடவில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவன்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டான். கடை கடையாக அலைந்து, கடைசியில் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் வீட்டோடு பறவை வளர்க்கும் ரபேலிடம் போய்ச் சேர்ந்தான். வனவிலங்குத் துறையின் அனுமதிச் சீட்டு, காலில் வளையம், பிறந்த தேதி எல்லாம் கேட்டுப் பார்த்தான். நான்கு குஞ்சுகளை வரிசையாக உட்கார வைத்து ரபேல் பாடமே நடத்தினார்.

"மூக்கு ஓட்டை காஞ்சிருக்கணும் அண்ணே. எச்சத்தைப் பாருங்க. மூலையில போய் ஒதுங்கறது வேணாம். கை நீட்டினா முன்னால வருது பாருங்க, அதை எடுங்க. ஆனா ஒண்ணு, இது அம்பது வருஷம் இருக்கும். தனியா விட்டா ஏங்கிப் போயி தன் சிறகைத் தானே பிடுங்கிக்கும். தினம் உக்காந்து பேசணும். முடியுமா உங்களால?"

"முடியும் லா. அதுக்குத்தானே வாங்கறேன். அப்பாவுக்குப் பேச்சுத் துணை."

ஊரெல்லாம் அப்படித்தான் சொன்னான். உண்மை வேறு. அந்தக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்துகொண்டு ரயிலுக்குக் கொடி காட்டிய அப்பாவுக்கு, பொழுது சாயும் நேரத்தில் புத்தி தடம் மாறிவிடும். வராத ரயிலுக்குக் கத்துவார், இல்லாத ஆட்களைத் திட்டுவார், 'நாதா, நாதா' என்று அவனையே நூறு முறை கூப்பிடுவார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கமலநாதன், தனக்குப் பதிலாக நாற்காலியில் உட்கார ஒரு ஆளைத் தேடினான். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் கோலாலம்பூரில் வங்கி வேலை முடிந்து வரும்போது ஏழரை ஆகிவிடும். கிடைத்த ஆள் கிளி.

பிறகு நடந்ததுதான் வெட்கக்கேடு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கிளிக்கு ஒரு அட்டவணை ஒட்டினான். காலையில் தானிய உருண்டை, சாயங்காலம் பப்பாளி, பச்சை மிளகாய், இரண்டு செம்பனைப் பழம். அவகாடோ, சாக்லேட் கூடாது. வாரம் இரண்டு முறை மேலே தண்ணீர் தெளிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தூக்கம், கூண்டுக்குக் கறுப்புத் துணி. தினமும் இரண்டு மணி நேரம் பேச்சு. அந்த இரண்டு மணி நேரத்தையும் அவன் ஒரு நாள் தவறாமல் கொடுத்தான். அப்பாவின் அறை வாசலில் நாற்காலி போட்டு, அப்பா பார்க்கப் பார்க்க, கிளியோடு பேசினான். அப்பாவுக்கு அப்படி ஒரு தாள் எந்தச் சுவரிலும் இல்லை. அவருடைய துணியை மாற்ற வேண்டிய நேரம் மூக்குக்குத் தெரிந்தால் உண்டு.

ஷாமினி விரும்பிய பையன் பிரவின். அவன் வீட்டார் சுபாங் ஜெயாவிலிருந்து முதன்முதலாக வந்த சனிக்கிழமை, கமலநாதன் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டான், கிளியைப் பின்னால் கொண்டு வைத்தான், அப்பாவுக்கு மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துக் கதவைச் சாத்தினான். அப்பா தூங்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்து தேநீரைக் கையில் எடுத்த நேரம் பார்த்து அறையிலிருந்து குரல் வந்தது.

"நாதா! மூத்திரம் வருதுடா! நாதா!"

பிரவினின் அம்மா கோப்பையை வைத்துவிட்டு, "உள்ள யாருங்க அது?" என்று கேட்டார்.

"அது எங்க கிளிங்க," என்றான் கமலநாதன். யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்துவிட்டது. "ஆப்பிரிக்கக் கிளி. அப்பா குரலை அப்படியே பிடிச்சு வச்சிருக்கு. அப்பா பாவம், மருந்து சாப்பிட்டுத் தூங்கறாரு."

ஹாலில் ஒரே சிரிப்பு. பிரவினின் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கமலநாதனும் சிரித்தான். ஷாமினி மட்டும் தட்டில் இருந்த கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு அப்பா கட்டிலில் போர்வைக்குள் ஒழுங்காக, குளிர்ந்து கிடந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று கமலநாதன் சொன்னான். வந்து பார்த்த டாக்டரும் மாரடைப்பு என்றார். 'தாத்தா கஷ்டப்படலையேப்பா?' என்று ஷாமினி அன்று மட்டும் பத்து முறை கேட்டிருப்பாள். இல்லை, இல்லை என்று பத்து முறையும் சொன்னான்.

பதினாறாம் நாள் கருமாதி, ஞாயிற்றுக்கிழமை. வாழையிலையில் சோறும் எள்ளும் வைத்துப் பின்சுவர் மேல் ஏற்றி, காகத்தைக் கூப்பிட்டார்கள். கிள்ளானில் காகத்துக்கா பஞ்சம்? ஆனால் அன்று ஒன்றுகூட வரவில்லை. போன வாரம்தான் தாமான் குடியிருப்புக்குள் நகராட்சியின் காக்கை சுடுகிறவர்கள் வந்து போனார்கள் என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. தொலைவில் ஒரு காகம் மின்கம்பியில் வந்து உட்கார்ந்து, இலையைப் பார்த்து, தலையைத் திருப்பிக்கொண்டு போனது. காகம் எடுக்காமல் யாரும் சாப்பிட முடியாது. உறவுக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மனுஷனுக்கு மனசில் ஏதோ குறை என்றார் ஒருவர். பிள்ளை சரியாகப் பார்த்திருக்க மாட்டான் என்று இன்னொருவர், காதில் விழும்படியே சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

கமலநாதனின் முதுகெல்லாம் வியர்த்தது. இன்னொரு பக்கம் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று இலையை எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் இடத்துக்குப் போனான். அங்கே ஓரமாகக் கூண்டு இருந்தது. பறவைதானே. இதுவும் பறவைதானே. ஒரு உருண்டையை உள்ளே வைத்தான். புதுத் தீனியைக் கண்டால் இரண்டு நாள் தொடாத கிளி, அதை அலகால் அள்ளி அள்ளி விழுங்கியது. பசியாக இருந்த மனிதர் சாப்பிடுவது போல இருந்தது.

திரும்பினால் செமினி அத்தை நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் ஒரே தங்கை, செமினி ஊர்க்காரர்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"பறவை எடுத்துடுச்சு அத்தை. எல்லாரும் சாப்பிடலாம்."

"காக்காவுக்கு வச்சதை இதுக்கா குடுத்த? காக்கா தின்னா பறந்து போயிடும்டா. கூண்டுல கெடக்கிறது எங்கடா போகும்?"

"சத்தம் போடாதீங்க அத்தை. அவங்கல்லாம் பசியோட இருக்காங்க. எனக்கு அவமானமா இருக்கு."

அத்தை சாப்பிடாமலே செமினிக்கு வண்டி பிடித்துப் போனார். மறுநாள்தான் கிளி கட்டில் கம்பியை இறக்கியது.

செவ்வாய்க்கிழமை கமலநாதன் வேலையிலிருந்து சீக்கிரமே வந்து, ஹாலில் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுக் காத்திருந்தான். வெளியே வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகி, அடுத்த வீட்டில் தாளிக்கும் வாசம் வந்து போய், தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டி எரிய ஆரம்பித்தபோது கிளி தலையைச் சாய்த்தது. நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. இரும்பின் கணீர். கால் தரையைத் தேடும் உரசல். பெருமூச்சு. பிறகு ஒரு ஆள் மொத்தமாகத் தரையில் விழும் சத்தம். அதில் தலை தனியாக மோதும் சத்தம். கிளியின் குரல்வளை இவ்வளவு பாரமான சத்தத்தை எப்படி எழுப்புகிறது என்று அவனுக்குப் புரியவில்லை. பாதத்துக்கு அடியில் தரையே அதிர்ந்த மாதிரி இருந்தது.

துணியைப் போர்த்தினான். துணிக்குள்ளிருந்து முனகல் வந்தது. ஏழு மணிக்கு நின்றது.

புதன்கிழமை முனகலில் தொடங்கி, தரையில் இழுபட்டு வரும் துணிச் சத்தம். கொஞ்சம் இழுப்பு, கொஞ்சம் மூச்சு, மறுபடி இழுப்பு. கதவின் அடிப்பலகையில் நகம். பிறகு அப்பாவின் குரல், கத்தலாக இல்லை, புத்தி தடுமாறியதாகவும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவனைக் கேட்ட அதே நிதானமான குரல்.

"நாதா, யாருடா வந்திருக்காங்க? சிரிப்புச் சத்தம் கேக்குது. நான் சத்தம் போடலடா. கதவை மட்டும் தொற."

கமலநாதன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பா அப்படிப் பேசியது அவனுக்கே தெரியாது. சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் தெளிவாக இருந்திருக்கிறார். தெளிவாக இருந்து, தன்னை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டிருக்கிறார்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கிளி ஒவ்வொரு நாளும் விட்ட இடத்திலிருந்து சொல்கிறது. இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அடுத்தது வரப்போவது அவன் முறை. அன்று எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, 'கிளிக்குத் தண்ணி வச்சிட்டு வரேன்' என்று எழுந்து இரண்டு நிமிஷம் அந்த அறைக்குள் போனவன் அவன். அது ஷாமினிக்குத் தெரியாது. தெரிந்தால், அவள் அவனை அப்பா என்று கூப்பிடுவது அன்றோடு சரி. பிரவினின் அம்மா வேறு, இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தேதி பேச வருவதாகச் சொல்லியிருந்தார். 'உங்க கிளி பேச்சையும் கேக்கணும்,' என்றும் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை காலை கூண்டைக் காரில் ஏற்றிப் பண்டமாரானுக்குக் கொண்டு போனான்.

"ஒரு வாரம் வச்சுக்குங்க ரபேல். வீட்டுல விசேஷம்."

ரபேல் கிளியின் கண்ணையும் மூக்கையும் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. ஏண்ணே, தொந்தரவு பண்ணுதா?"

"கண்டதையும் பேசுது. நடக்காததெல்லாம்."

ரபேல் சிரித்தார். "அப்படி வராதுண்ணே. கேட்டதைத்தான் சொல்லும். கேக்காததை அதுக்குச் சொல்லத் தெரியாது."

அன்று சாயங்காலம் வீடு வீடாக இருந்தது. ஆறே முக்கால் வந்தது, போனது. மீன்குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்டான், பல நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு படுத்தான்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஆட்டோகேட் திறந்தது. ஷாமினி இரண்டு கையாலும் கூண்டை அணைத்தபடி உள்ளே வந்தாள். அழுதிருந்தாள்.

"ஏன்ப்பா எங்கிட்ட சொல்லாம கொண்டு விட்டீங்க? நீங்க போன் எடுக்கலைன்னு ரபேல் அங்கிள் எனக்குக் கூப்பிட்டாரு. ஒரே நாள்ல பாருங்க, என்ன பண்ணிக்கிச்சுன்னு."

கிளியின் நெஞ்சில் ஒரு சிறகுகூட இல்லை. கழுத்திலிருந்து வயிறு வரை உரித்த கோழித்தோல், அங்கங்கே ரத்தப் புள்ளி. தலையும் இறக்கையும் மட்டும் பழையபடி இருந்தன. அது கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தது.

"தாத்தா குரல் இதுகிட்ட மட்டும்தான் இருக்குப்பா," என்றாள் ஷாமினி. "அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமா? இதை யாருக்கும் குடுக்கக் கூடாது."

"சரிம்மா."

"நேத்து சாயங்காலம் அங்க கதவு தொறக்கற சத்தம் போட்டுச்சாம். அதுக்கப்புறம் உங்க குரல்லயும் பேசிச்சாம்ப்பா. உங்க குரல் அதுக்கு வருமா? நான் கேட்டதே இல்லையே."

"என்ன பேசிச்சாம்?"

"பாதியில நின்னுடுச்சாம்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கமலநாதனின் நெஞ்சு அன்று ராத்திரி முழுக்கக் குறுகுறுக்கவில்லை, இடித்தது.

சனிக்கிழமை விருந்தாளிகள் ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். கிளி புண்ணாக இருக்கிறது, தூசு கொட்டும் என்று சாக்குச் சொல்லிக் கூண்டை அப்பாவின் அறையில் வைத்து, துணியைப் போர்த்தி, கதவைச் சாத்தியிருந்தான். வெற்றிலைத் தட்டு, பழம், இனிப்பு. பிரவினின் அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஷாமினி மயில்கழுத்து நிறப் புடவையில், பல நாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டிருந்தாள். கமலநாதன் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். தை மாதம் நல்ல முகூர்த்தம் இருக்கிறது என்று யாரோ சொன்னதற்குத் தலையாட்டினான். வெளிச்சம் மஞ்சளாயிற்று. பிறகு சாம்பலாயிற்று.

டொக், டொக், டொக்.

"ஆ, ஆரம்பிச்சிடுச்சு!" என்று பிரவினின் அம்மா பஞ்சாங்கத்தை மூடினார். "சும்மா இருங்க எல்லாரும், கேப்போம்."

கணீர். விழுந்த சத்தம். இழுபடும் சத்தம். இன்று முதலிலிருந்து, வேகமாக, ஒன்றையும் விடாமல். விருந்தாளிகள் வியந்து வாயைப் பிளந்தார்கள். ஷாமினியின் முகத்தில் சிரிப்பு மெல்லத் தயங்கியது. "இது என்ன சத்தம்ப்பா?"

"நான் போய்ப் பார்க்கறேன்."

அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். மெத்தையைத் தூக்கிப் போட்டு இத்தனை நாளாகியும் மூத்திர நாற்றம் போகவில்லை. அதன்மேல் டெட்டால், அதன்மேல் கிளியின் உடம்பிலிருந்து உதிரும் வெள்ளைத் தூசின் காய்ந்த வாசம். வெறும் கம்பிக் கட்டில் மேல் கூண்டு. எதிரே அலமாரிக் கண்ணாடி. துணி கீழே கிடந்தது. கிளி கூண்டின் நடுவில், அந்த உரித்த நெஞ்சோடு, நிமிர்ந்து நின்றது.

கதவு திறக்கும் சத்தம் அதன் அலகிலிருந்து வந்தது. வேகமான செருப்பு. அடுத்து, அவனுடைய குரல். தாழ்ந்த, பல்லைக் கடித்த குரல்.

"என்னப்பா இது? எழுந்திரிங்க. என் மானத்தை வாங்காதீங்க. கொஞ்ச நேரம் சும்மா கெடங்க."

கட்டில் முனகியது. தடுப்பு ஏறியது. கொக்கி.

"நாதா, நெஞ்சு அடைக்குதுடா."

இதற்கு மேல் சத்தமே கிடையாது. கமலநாதனுக்குத் தெரியும். அப்பா மறுபடி வாயைத் திறந்தார், அவன் அதன் மேல் கையை வைத்தான். வைத்து அழுத்தினான். ஹாலில் ஒரு சிரிப்பு முடிகிற வரைக்கும்தான். இல்லை, அதற்குப் பிறகு இன்னொரு சிரிப்பும் வந்தது. உள்ளங்கைக்கு அடியில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தவர் சொல்வதை நிறுத்தினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தான். போர்வையை இழுத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் போய்க் கேசரி பரிமாறினான். கைக்குள் சொன்னது யாருக்குக் கேட்கும்? அவனுக்கே கேட்கவில்லை.

கிளியின் கண்பாவை சுருங்கியது.

"விடுடா நாதா... விடு. நான் பேசலடா. இனிமே பேசவே மாட்டேன்டா."

கூண்டுக் கதவைத் திறந்தான். கையை உள்ளே விட்டான். அது கடிக்கவில்லை. நகரவும் இல்லை. கையளவு உடம்பு, சூடாக, சிறகில்லாத தோலோடு. பிடித்தான். அழுத்தினான். சின்னதாக ஒரு முறிவு.

நின்றது.

அறை அமைதியாயிற்று. பிறகு வெளியிலிருந்து பிரவினின் அம்மா, கொஞ்சம் தயக்கமாகச் சிரித்தபடி, "அட, நிறுத்திடுச்சே," என்றார்.

"நாதா."

கையைப் பார்த்தான். தலை தொங்கியது. கண்ணில் படலம். அலகு மூடியிருந்தது.

"நெஞ்சு அடைக்குதுடா நாதா."

கட்டிலில் யாரும் இல்லை. கதவோரம் யாரும் இல்லை. குரல் மட்டும் பக்கத்தில். மிகப் பக்கத்தில். அவன் பல்லில் அதிர்ந்தது. குரல்வளை ஏறி இறங்கியது.

கண்ணாடியில் பார்த்தான். கையில் செத்த கிளியோடு ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவன் வாய் திறந்திருந்தது.

"ஷாமினி," என்று அந்த வாய் கூப்பிட்டது. அப்பாவின் குரலில். நிதானமாக. "ஷாமினிக் கண்ணு, இங்க வா. உங்கப்பன் என்னை என்ன பண்ணினான்னு சொல்றேன்."

ஹாலில் ஒரு நாற்காலி நகர்ந்தது. வளையல் ஓசை. "தாத்தா?"

கிளி கீழே விழுந்தது. கமலநாதன் வலது கையை வாயில் வைத்தான். இடது கையை அதன் மேல் வைத்து அழுத்தினான். மூக்கும் அடைபட்டது. மூச்சு நின்றது. கண் இருண்டது. கதவின் கைப்பிடி திரும்பியது. உள்ளங்கைக்கு அடியில் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.